மின்னிசையின் வரலாறும் உழைக்கும் மக்களும்

மின்னிசை என்றதும் நம் ஆசிரியர் பலர் முகஞ் சுளிக்கின்றனர். இயந்திரத்தின் இரைச்சல், மேனாட்டுச் சீரழிவின் இறக்குமதி என்பது அவர்தம் தீர்ப்பு. மாணவரோ அதனை நாள்தோறும் கைத்தொலைபேசியிற் கேட்கின்றனர். ஹவுஸ், டெக்னோ, டப், ஜங்கிள் என அதன் கிளைப் பெயர்களைத் தடையின்றி ஒப்புவிக்கின்றனர். ஆயினும் அப்பெயர்கள் எந்த மண்ணில், எந்த மக்களிடையே, என்ன காரணத்தால் தோன்றின என்று கேட்பவர் அவருள் மிகச் சிலரே. வெறுப்பவருக்கும் விரும்புபவருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரு சாராரும் மின்னிசையை வரலாறு அற்ற பொருளாகக் கருதுகின்றனர். கலைவடிவம் எதுவும் வானத்திலிருந்து வீழ்வதில்லை என்பதை ஏற்றுக்கொண்ட நாம், இக்கலைவடிவத்துக்கு மட்டும் விலக்களிப்பது எவ்வாறு பொருந்தும்?

இவ்வரலாற்றைச் சிலாபக் கடற்கரையிலிருந்து நோக்குதல் பொருத்தமுடையது. சலாபம் என்னும் முத்துக்குளிப்புச் சொல்லிலிருந்தே சிலாபம் என்னும் பெயர் பிறந்தது எனக் கூறுவர். கடலிலிருந்து வந்த செல்வம் குளித்தவன் கையில் நில்லாது போன வரலாறு இக்கரைக்குப் பழக்கமானது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலோ வானலையின் வடிவில் இன்னொரு வரலாறு இக்கரையை வந்தடைந்தது. சிலாபம் நகருக்குத் தெற்கே இரணவிலவில், 'வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா'வின் அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் எழுந்தது. 1983 டிசம்பரில் இலங்கை அரசும் அமெரிக்க அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவு அது. இந்தியா அதனை ஐயத்துடன் நோக்கியது. 1987 ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் இராணுவ நோக்கத்துக்கோ உளவு நோக்கத்துக்கோ பயன்படலாகாது என்ற வாசகமே இடம்பெற்றது. 1990களில் இரணவில மீனவரும் கத்தோலிக்கக் குருமாரும் அந்நிலையத்தை எதிர்த்துப் போராடினர். எனினும் நிலையம் இயங்கியது. 2016 இல் அது மூடப்பட்டது. 2020 இல் கோவிட் நோயாளருக்குச் சிகிச்சை அளிக்கும் இடமாக அவ்வளவு பயன்பட்டது.

இந்த அலைக்கம்பங்களை ஏன் மின்னிசைக் கட்டுரையில் நினைவுகூர வேண்டும்? மின்னிசை வானொலியின் வயிற்றிற் பிறந்த குழந்தை என்பதனாலேயே. வானலை யாருடையது, கருவி யாருடையது என்னும் வினா, இவ்விசையோடு கூடவே பிறந்தது.

மின்சாரத்தின் அதிர்வையே ஓசையின் மூலமாகக் கொள்வதும், பதிந்த ஓசையை மின்கருவியால் வெட்டியும் ஒட்டியும் மாற்றியும் அமைப்பதுமே மின்னிசையாம். பாடகன் முன்னே ஒலிவாங்கி வைப்பதனால் மட்டும் பாட்டு மின்னிசை ஆகிவிடாது.

இதன் முதற் கருவிகளுள் புகழ்பெற்ற ஒன்று சோவியத் நாட்டில் பிறந்தது. பெத்ரோகிராத் நகர ஆய்வுகூடமொன்றில் பணியாற்றிய லெவ் தெரெமின் என்னும் பொறியியலாளர், 1920 அளவில் வாயுக்களை அளக்கும் கருவியொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கையின் அசைவுக்கேற்ப ஓசை மாறுவதைக் கண்டார். தொடாமலே வாசிக்கும் வாத்தியம் அவ்வாறு உருவாயிற்று. 1922 இல் அவர் அதனை லெனினுக்கு வாசித்துக் காட்டினார். நாட்டை மின்மயமாக்கும் பெருந்திட்டத்தில் ஈடுபட்டிருந்த லெனின் அதில் ஆர்வங் காட்டியதில் வியப்பில்லை. ஆனால் 1929 இல் அவ்வாத்தியத்தின் உற்பத்தி உரிமை அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. உழைக்கும் மக்களின் அரசில் பிறந்த கருவி, வசதி படைத்தோர் வரவேற்பறையில் வைக்கும் விற்பனைப் பொருளாயிற்று.

அடுத்த கட்டம் ஒலிப்பதிவோடு தொடர்புடையது. 1944 இல் கெய்ரோ நகரில் ஹலிம் எல்-தாப் என்னும் எகிப்திய இளைஞர், வானொலி நிலையத்திலிருந்து கம்பி ஒலிப்பதிவுக் கருவியொன்றை இரவல் வாங்கினார். பேயோட்டும் 'சார்' சடங்கிற் பெண்கள் பாடுவதைப் பதிந்து, அவ்வோசையை எதிரொலித்தும் மாற்றியும் புதியதோர் ஆக்கத்தைச் செய்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1948 இல், பாரிஸ் வானொலியில் பியேர் ஷேஃபர் புகைவண்டி ஓசைகளை இசைத்தட்டிற் பதிந்து அடுக்கிக் காட்டினார். ஸ்தூல இசை எனத் தக்க 'மியூசிக் கோன்கிரெற்' என்னும் கிளை இதுவே. வரலாற்று நூல்கள் நெடுங்காலம் பாரிஸையே பிறப்பிடமாகக் கூறின, கெய்ரோ மறக்கப்பட்டது. பேரரசுகளின் நிழலில் எழுதப்படும் வரலாறு இத்தகைய மறதிகளைத் தாங்கியே நிற்கும்.

1950களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் கொலோன் வானொலி நிலையத்தில் இரண்டாவது கிளை தோன்றியது. உலகின் ஓசைகளைப் பதிவது வேண்டாம், அலையியற்றி தரும் தூய அலைகளிலிருந்தே இசையை எழுப்புவோம் என்றனர் ஐமேர்ட், ஸ்டொக்ஹவுசன் முதலானோர். அவர்கள் கையாண்ட கருவிகள் வானொலித் தொழினுட்பவியலாளர் அளவை செய்யப் பயன்படுத்தியவை. இலண்டனில் பி.பி.சி. 1958 இல் தன் ஒலிப் பட்டறையைத் தொடங்கியது. அதனை அமைத்தவருள் டாஃப்னி ஓராம் என்னும் பெண்மணி ஒருவர். அதே பட்டறையில் 1963 இல் டெலியா டார்பிஷயர், தொலைக்காட்சித் தொடரொன்றின் தொடக்க இசையை ஒலிநாடாவைத் துண்டுதுண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கினார். அவ்விசை உலகெங்கும் புகழ்பெற்றது. ஆனால் அத்தொடரின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இடம்பெற அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது. உழைப்பு பட்டறையாளருடையது, பெயர் வேறொருவருடையது என்னும் நியதி இசைக்கூடத்திலும் பிறழவில்லை.

இக்கட்டம் வரை மின்னிசை பெருநிறுவனங்களின் சொத்தாகவே இருந்தது. அரசு வானொலி, பல்கலைக்கழகம், பெருமுதலாளியின் கொடை ஆகிய மூன்றும் இன்றி எவரும் அதனை அணுக இயலவில்லை. ஆசியாவிலும் நிலைமை இதுவே. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969 இல் அமெரிக்க இசைஞர் டேவிட் ரியூடர், மூக் சிந்தசைசர் ஒன்றை நிறுவினார். ஆலை முதலாளிக் குடும்பத்தைச் சேர்ந்த கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. ஷர்மா, அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கு ஆக்கங்கள் செய்தனர். இந்தியாவின் முதல் மின்னிசைக் கூடம் இதுவெனலாம். ஆனால் சில ஆண்டுகளில் அம்முயற்சி ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் அலமாரியில் உறங்கின. 2017 இல் பிரித்தானியக் கலைஞர் போல் பர்கஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 2023 இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. அகமதாபாத் ஆலைத்தொழிலாளர் நிறைந்த நகரம். அந்நகரின் மின்னிசை, அத்தொழிலாளர் காதுக்கு எட்டாமலே அரை நூற்றாண்டு பூட்டப்பட்டுக் கிடந்தது.

அப்படியாயின் மின்னிசை மக்கள் கைக்கு வந்தது எப்போது? கருவி மலிந்தபோதும், மக்கள் அதனைத் தம் தேவைக்கேற்ப மாற்றியமைத்தபோதும் வந்தது என்பதே விடை.

முதலில் ஜமெய்க்கா. கிங்ஸ்ரன் நகரத்து ஏழை மக்களுக்கு இசைக்குழுவை அமர்த்தும் வசதி இல்லை. தெருவில் பெரும் ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டுச் சுழற்றுவதே அவர்களது விழா. அங்கு வானொலிப் பெட்டி முதலிய மின்கருவிகளைப் பழுதுபார்த்து வாழ்ந்த ஓஸ்போர்ன் றடக், கிங் ரப்பி என்னும் பெயரால் அறியப்பட்டவர், 1970களின் தொடக்கத்திற் பாடலிலிருந்து குரலை நீக்கி, தாளத்தையும் அடித்தொனியையும் முன்னிறுத்தி, எதிரொலியை ஓடவிட்டார். 'டப்' என்னும் கிளை இவ்வாறு பிறந்தது. பாரிஸிலும் கொலோனிலும் அறிஞர் செய்ததை, பழுதுபார்ப்பவர் ஒருவர் தம் கைத்திறனாற் செய்தார். வேறுபாடு யாதெனின், இவருடைய சோதனையை மறுநாளே தெரு ஆடித் தீர்ப்பளித்தது.

அடுத்தது சிக்காகோ. 1977 இல் 'வெயர்ஹவுஸ்' என்னும் ஆடலரங்கில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுச் சுழற்றத் தொடங்கினார். அங்கு கூடியோர் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்; அவருள்ளும் ஒருபால் விருப்புடையோர் என்பதனாற் சமூகம் இருமடங்கு ஒதுக்கியோர். 1979 இல் அதே நகரின் விளையாட்டரங்கொன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்துக் கொண்டாடிய நிகழ்ச்சி, அம்மக்களின் இசைமீது நிலவிய பகைமையைக் காட்டிற்று. பெருங் கம்பனிகள் டிஸ்கோவைக் கைவிட்டன. இளைஞர் கைவிடவில்லை. நான்கு சம அடிகள் தொடர்ந்து ஒலிக்கும் தாளத்தைத் தாள இயந்திரத்தால் இயற்றித் தாமே இசையமைத்தனர். அதுவே 'ஹவுஸ்', வெயர்ஹவுஸ் என்னும் பெயரின் எச்சம் என்பர்.

டெட்ராயிட்டின் கதை இன்னும் தெளிவானது. அது மோட்டார் வாகனத் தொழிலின் தலைநகர். 1967 இல் கறுப்பின மக்களின் பெருங் கிளர்ச்சியைக் கண்ட நகர். தொழிற்சாலைகள் இடம்பெயர்ந்தன, எஞ்சியவற்றிற் பொறிக்கரங்கள் தொழிலாளர் இடத்தைப் பிடித்தன. அந்நகரைச் சார்ந்து வளர்ந்த ஜுவான் அற்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் ஆகிய மூவரும், ஜேர்மனியத் தொழிற்பிரதேசத்திலிருந்து வந்த 'கிராஃப்ட்வேர்க்' குழுவின் இயந்திர ஓசையைக் கறுப்பின மக்களின் 'ஃபங்க்' தாளத்தோடு இணைத்தனர். 1988 இல் வெளிவந்த தொகுப்பொன்றினால் 'டெக்னோ' என்னும் பெயர் நிலைபெற்றது. எந்த இயந்திரம் தந்தையரின் வேலையைப் பறித்ததோ, அதன் இனத்தைச் சேர்ந்த இயந்திரத்தைக் கொண்டே மக்கள் தம் காலத்தைப் பாடினர். இதனை இயந்திர வழிபாடு என்பது அறியாமை.

இவ்விடத்தில் ஒரு யப்பானியக் கருவியை மனங்கொள்ள வேண்டும். ரோலண்ட் கம்பனி 1981 இல் டி.பி.-303 என்னும் சிறு பெட்டியை விற்பனைக்கு விட்டது. கித்தார் பயிலுவோருக்கு அடித்தொனித் துணை தருவதே அதன் நோக்கம். இயற்கையான கித்தார் போல அது ஒலிக்கவில்லை, எனவே விலைபோகவில்லை. 1984 இல் உற்பத்தி நின்றது. பழைய பொருட் கடைகளில் மலிவு விலையிற் கிடந்த அப்பெட்டியை வாங்கிய சிக்காகோ இளைஞர் மூவர், அதன் குமிழ்களை ஓயாது திருகி எழுப்பிய ஓசை 1987 இல் இசைத்தட்டாயிற்று. 'அசிட் ஹவுஸ்' என்னும் கிளை அதிலிருந்தே விரிந்தது.

ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1982 இல், பம்பாயில் சரண்ஜித் சிங் என்பவர் அதே பெட்டியைக் கையாண்டார். இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வாழ்ந்த அவர், பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தோடு இணைத்து இசைத்தட்டொன்றை வெளியிட்டார். அதைக் கேட்கும் எவரும் அசிட் ஹவுஸின் முன்னோடி என்றே மயங்குவர். எனினும் அது விலைபோகாது மறைந்தது. 2010 இல் மறுபதிப்பு வந்த பின்னரே உலகம் வியந்தது.

ஒரே கருவி, ஏறத்தாழ ஒரே ஓசை. சிக்காகோவில் ஓர் இயக்கம் தோன்ற, பம்பாயில் ஏன் தோன்றவில்லை? பம்பாயில் உழைக்கும் மக்கள் இல்லாமையா காரணம்? அன்று. அதே 1982 இல்தான் பம்பாய் ஆலைத் தொழிலாளர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தத்தா சாமந்த் தலைமையில் வரலாறு காணாத வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தனர். நகரம் கொந்தளித்தது, பாடுவதற்குப் பொருளும் இருந்தது. ஆனால் கருவி பதிவுக்கூடத்தின் உள்ளே இருந்தது, மக்கள் ஆலை வாசலில் இருந்தனர். சிக்காகோவில் அப்பெட்டி பழைய பொருளாகித் தெருவுக்கு வந்தது. பம்பாயில் அது விலையுயர்ந்த இறக்குமதிப் பொருள். புத்தாக்கம் தனிமனிதன் கையிற் பிறக்கலாம். அது மரபாக வேண்டுமாயின் கருவியும் மக்களும் சந்திக்க வேண்டும். மின்னிசைக் கிளைகளின் வரலாறு நமக்குத் தரும் பாடம் இதுவே.

இங்கிலாந்திலும் இதே பாடத்தைக் காணலாம். 1990களின் தொடக்கத்தில், ஜமெய்க்கக் குடியேறிகளின் பிள்ளைகள் வாழ்ந்த இலண்டன் பகுதிகளில் 'ஜங்கிள்' தோன்றியது. 1969 இல் 'வின்ஸ்ரன்ஸ்' என்னும் குழுவின் தட்டில் கிரெகரி கோல்மன் என்னும் கறுப்பின மேளக்காரர் சில நொடிகள் அடித்த தாளத் துணுக்கே அதன் மூலப்பொருள். அதனை வேகங்கூட்டி நறுக்கி ஆயிரக்கணக்கான தட்டுகள் உருவாயின. அடித்தவருக்கோ உரிமைத்தொகை ஒரு சதமும் கிடைக்கவில்லை. 1993 இல், இளைஞருக்கு இசைத்தொழினுட்பம் கற்பித்த இலண்டன் பயிற்சிப் பட்டறையொன்றிலிருந்து 'ஏசியன் டப் ஃபவுண்டேஷன்' எழுந்து, தென்னாசியக் குடியேறிகளின் நிறவெறி எதிர்ப்பைப் பாடியது. 1994 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய குற்றவியற் சட்டம், திறந்தவெளி இரவுக் கூட்டங்களைத் தடுக்கும் பொருட்டு, திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத்தையே இசையின் இலக்கணமாக எழுதி வைத்தது. ஒரு தாளத்துக்கு அஞ்சிச் சட்டம் இயற்றும் அரசை நாம் என்னென்பது!

திரும்பத் திரும்ப ஒலிப்பது இயந்திரத்தின் குணம், மனிதத் தன்மையற்றது என்று நம்மவரும் கூறுவர். சிலாபத்துக்கு வடக்கே உடப்பு என்னும் தமிழ் மீனவர் கிராமம் உண்டு. அங்கு கரைவலை இழுப்போர் அம்பாப் பாடல் பாடுவர். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றையோர் ஒருங்கே ஏற்றுப் பாடிக் கயிற்றை இழுப்பர். அப்பாடலின் உயிர்நிலை எது? திரும்பத் திரும்ப வரும் அடியே. பல தோள்களின் வலுவை ஒரே கணத்தில் ஒன்றுசேர்ப்பதற்கு அதனினும் சிறந்த சாதனம் வேறில்லை. உழைப்பிலிருந்தே தாளம் பிறந்தது என்று ஜேர்மனிய அறிஞர் கார்ல் பியூஹர் 1896 இல் நிறுவ முயன்றார். ஜோர்ஜ் தொம்சன் அதனைக் கவிதையின் தோற்றத்துக்குப் பொருத்தினார். தொம்சனிடம் பயின்ற நம் பேராசிரியர் கைலாசபதி அந்நோக்கைத் தமிழாய்வுக்குக் கொணர்ந்தார். இக்கோட்பாட்டை ஏற்கும் நாம், டெட்ராயிட் தாளத்தைக் கேட்டு முகஞ் சுளிப்பது முரணன்றோ?

இக்கரைக்கு இன்னொரு தாள மரபும் உண்டு. போர்த்துக்கேயர் காலந்தொட்டு அடிமைகளாகவும் படைவீரராகவும் கொணரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழ்கின்றனர். அவர்தம் 'மஞ்சா' பாடல்களும் நாடெங்கும் பரவிய பைலாவும் உறவுடையவை. பைலாவின் துள்ளலைத் தமிழிற் பாடிய நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் ஈழத்துப் பொப்பிசைக்கு வழிவகுத்தனர். தமிழ்த் திரையிசையில் 1986 இல் இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்திற் கணினி இசையைப் புகுத்தினார். 1992 இல் 'ரோஜா'வுடன் ஏ.ஆர். ரஹ்மான் மின்னிசைக் கூடத்தையே இசைக்குழுவாக்கினார். ஒலி புதிதாயிற்று, வயலின் வாசித்து வாழ்ந்தோர் பலருக்கு வேலை குறைந்தது. இரண்டையும் ஒருசேரச் சொல்லாத வரலாறு அரைகுறை வரலாறாகும். ஈழப் போரினாற் புலம்பெயர்ந்து இலண்டனில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம், 2005 இல் 'அருளர்' என்னும் தட்டையும், 2007 இல் சென்னையிலும் பதிவு செய்த 'கலா' என்னும் தட்டையும் வெளியிட்டார். உறுமியின் ஓசை உலக ஆடலரங்குகளில் முழங்கியது. பாடகியின் பெயரை உலகம் அறியும். உறுமிக்காரர் பெயரை எத்தனை பேர் அறிவர்?

இன்று கருவி மலிந்துவிட்டது. அகமதாபாத்தில் ஒரு நிறுவனமே தாங்கிய சுமையைச் சிலாபத்து மாணவனின் கைத்தொலைபேசி தாங்குகிறது. ஆனால் கருவி கைக்கு வந்ததும் சந்தை கையைவிட்டு நழுவிற்று. பாட்டை உலகெங்கும் கொண்டுசெல்லும் வலையமைப்புகள் சில பெருங் கம்பனிகளின் உடைமை. மக்கள் தம் வாழ்விலிருந்து உருவாக்கிய கிளைகள் அங்கே விற்பனைப் பெயர்ச்சீட்டுகளாகத் தொங்குகின்றன. இரணவில கம்பங்கள் ஓய்ந்தன. அலையின் உடைமை பற்றிய வினா ஓயவில்லை.

இதனிடையே கரைவலை இழுப்பிலும் இயந்திரம் புகுந்துவிட்டது. பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழலி கயிற்றை இழுத்து வந்துள்ளது. இழுக்கும் தோள்கள் குறையும்போது அம்பாப் பாடலின் தேவையும் குறைகின்றது. பாட்டைக் காப்பதற்காக மனிதன் என்றும் கயிறு இழுக்க வேண்டுமெனக் கூறுவது மனிதநேயமன்று. ஆனால் அப்பாடலை அறிந்த முதியோரோடு அதுவும் மறையட்டும் எனக் கைகட்டி நிற்பதும் முற்போக்கன்று.

நமது பாடசாலைகளுக்கு இங்கு பணி உண்டு. உடப்பிலும் சிரம்பியடியிலும் எஞ்சியிருக்கும் குரல்களை மாணவர் பதியட்டும். யார் பாடினார், எங்கே, எந்த வேலையின்போது பாடினார் என்பதைப் பெயரோடு எழுதட்டும். பின்னர் அக்குரல்களையும் தாளங்களையும் கொண்டு தம் கருவியிற் புதிய ஆக்கங்களைச் செய்யட்டும். கிளைப்பெயர் எதுவாயினும் ஆகுக. அதில் வரும் ஊதியத்திற் பாடியவருக்குப் பங்கு கொடுக்கட்டும். கரைவலையில் மீன் ஏறியதும் வலை உடையவருக்கும் இழுத்தவருக்கும் பங்கு பிரிப்பது இக்கரையின் பழைய முறை. அப்பங்கு என்றும் நீதியாக இருந்தது எனக் கூற மாட்டோம். ஆயினும் இழுத்தவனுக்குப் பங்கு உண்டு என்னும் கொள்கையை எவரும் மறுத்ததில்லை. கிரெகரி கோல்மனுக்கு மறுக்கப்பட்டதும், டெலியா டார்பிஷயருக்கு அரை நூற்றாண்டு தாமதமானதும் அந்தப் பங்கே. அதனை நம் கரையின் பாடகருக்கு உறுதிசெய்யும் மின்னிசையே நாம் வேண்டும் மின்னிசை.